பழைய டீசல் ஜீப்புக்கு டர்போ: கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை

பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி, மொத்தமாகப் பிரித்துச் சரிசெய்து, டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சாதனம்) வைத்து மலையேறலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இறங்கியபோது இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. வண்டி வாங்கியது 2,40,000 ரூபாய்க்கு. இன்னொரு இரண்டு லட்சம் செலவழித்தால் முடிந்துவிடும், ஆறு மாதத்தில் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடியும்போது மொத்தச் செலவு எட்டரை லட்சத்தைத் தொட்டிருந்தது, இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது. இதில் ஏறக்குறைய 1,90,000 ரூபாய், யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என் கையிலேயே இருந்திருக்கும். பணத்தைவிட, பாதி நாட்கள் தூக்கம் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

வண்டி மஹிந்திரா எம்.எம்.550, 1997 பதிவு. பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மனைவியின் வீட்டார் வால்பாறையில் இருக்கிறார்கள், மாதம் ஒரு தடவையாவது போய்வர வேண்டும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்ச் சேரும்போது சுமார் 3,500 அடி உயரம். டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினுக்கு அந்த ஏற்றம் சுலபமில்லை. உயரம் கூடக்கூட காற்று மெலியும், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் பவர் குறையும். ஆள் ஏறி, பின்னால் நாலு மூட்டையும் போட்டால் இரண்டாவது கியரை விட்டு மேலே போகாது. பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். டர்போ ஆசை அங்கேதான் தொடங்கியது.

இந்த வண்டியில் இருப்பது எக்ஸ்.டி.3.பி இன்ஜின். பிரான்சின் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பு, மஹிந்திரா உரிமம் பெற்றுச் செய்தது. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 94 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர், 2,498 சி.சி. டீசல் நேராகப் பிஸ்டன் மேல் தெளிக்கப்படாது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் தெளித்து, அங்கே பற்றிக்கொண்டு பிறகு சிலிண்டருக்குள் பாயும். அதனால்தான் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் ஸ்டார்ட் ஆகாது. சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் வெப்பத்தில் பெரும்பங்கு ஹெட்டில் இறங்கும், அந்த ஹெட்டோ அலுமினியம். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு நடந்தது அத்தனையும் அதிலிருந்து வந்ததுதான். பெஜோ இதே குடும்பத்து இன்ஜினுக்கு டர்போ வைத்து 1979-லேயே 604 காரில் விற்றது. அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. ஆனால் அவர்கள் டர்போவை மட்டும் கொண்டுவந்து மாட்டவில்லை, அழுத்த விகிதத்தையும் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) குறைத்தார்கள். நம் ஊர்ப் பட்டறையில் அதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

முதலில் காகிதம். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்க்கிறார்கள், சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணைப் பார்ப்பதில்லை. துருவைச் சுரண்டிவிட்டு, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் எண்ணையும் அப்படியே. ராணுவ ஏல வண்டி, வடக்கிலிருந்து வந்த வண்டி என்று குறைந்த விலைக்குச் சொல்வார்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தடை வந்ததால் அங்கிருந்து நிறைய வண்டிகள் தெற்கே வந்திருக்கின்றன. தடையில்லாச் சான்று கையில் இல்லாமல் அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் கடிதம் கொடுத்த பிறகே டர்போ வேலையைத் தொட்டேன். அதற்கு அலைந்த அலைச்சல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் விபத்து ஒன்று நடந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்வதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது, தாமதித்தால் மாதக் கணக்கில் அபராதம். என் வண்டி சரியாக அந்த வருடம் பட்டறையில் பிரிந்து கிடந்தது. பிரிந்து கிடக்கும் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் புதுப்பிக்கும் தேதி எப்போது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வண்டியைப் பிரியுங்கள்.

பாடியை இறக்கிய அன்று சேசிஸைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். மேலே கறுப்பு பிட்டுமன் பூசிப் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் முன் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிலுக்குப் பக்கத்தில் உள்ளே போய்விட்டது. வாங்கும்போதே ஒரு சின்னச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சேசிஸ் முழுக்கத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று சொல்லும். விற்கிறவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

டிங்கரிங்கும் பெயிண்டும் 1,10,000 ரூபாய் என்று பேசி, 70,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். இரண்டு மாதம் என்றார்கள். ஒன்பது மாதம் போனது, 1,70,000 ஆனது. பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் விபத்து வண்டி வந்தால் இன்சூரன்ஸ் பணம் உடனே கிடைக்கும், நம் ஜீப் ஓரமாகத் தள்ளப்படும். ஒவ்வொரு தடவை போகும்போதும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையில்லாத பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு மழைக்கு முதல் கோட் ரெட் ஆக்சைடு அப்படியே வீணாயிற்று. கண்ணாடி பிரேம், கதவுக் கீல், டேஷ்போர்டு மீட்டர் எல்லாம் காணாமல் போய், கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகளில் திரும்ப வாங்கினேன். அதனால் சொல்கிறேன்: முன்பணத்தைப் பொருளுக்கு மட்டும் கொடுங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பட்டறையில் கூடு மட்டும் இருந்தால் போதும். பட்டி பூசுவதற்கு முந்தின நாள் நேரில் போய்ப் பாருங்கள், ஏனென்றால் பூசிய பிறகு தகட்டில் என்ன வேலை நடந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங், டயர். இதற்கு 1,35,000 ஆயிற்று. நான் மொத்தமாகச் செலவழித்ததிலேயே மனசு நிறைந்த பணம் இதுதான். என் வண்டியில் நாலு பக்கமும் டிரம் பிரேக். டர்போ வைத்தால் வண்டி வேகமாக ஏறும், ஆனால் இறங்கியும் ஆக வேண்டுமே. முன் சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றினேன், எல்லாக் குழாயும் புதிது. இந்த மாதிரி டீசல் வண்டியில், நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தை ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பம்ப்தான் உண்டாக்குகிறது. பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் மட்டும் போகாது, பிரேக்கின் உதவியும் போய்விடும். பெல்ட்டை ஸ்பேராக வண்டியிலேயே வைத்திருங்கள், அந்தப் பம்புக்குப் போகும் ஆயில் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் வேலைக்குக் கோயம்புத்தூர்தான் போனேன். லேத்துக்கும் போரிங்குக்கும் அந்த ஊரில் குறையே இல்லை. போர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் புதிதாக்கி, கிராங்க் கிரைண்டிங் செய்து, ஹெட்டை ஃபேசிங் பார்த்து, எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய். இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிஸ்டன் மேல்முனை பிளாக் தளத்துக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதை நாலு சிலிண்டருக்கும் டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த அளவுக்குத்தான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கட்டின் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீசல் இன்ஜினில் இது மிக முக்கியம். “எல்லாத்துக்கும் இதேதான் போடறது தம்பி, ஒண்ணும் ஆகாது” என்றார் மேஸ்திரி. அளவைக் காகிதத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டாவது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் வால்வு. சூடாகிறதா, அதைக் கழற்றித் தூக்கிப் போடு என்பது நம் ஊர் வழக்கம். என் இன்ஜினிலும் முந்தின உரிமையாளர் காலத்திலேயே அதைப் பிடுங்கியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் சாதாரண ஓட்டத்தில் குளிர்ந்தே கிடக்கும், தேய்மானம் கூடும், டீசலும் சரியாக எரியாது. ரேடியேட்டர் அடைத்துக் கிடப்பதை மறைக்கத்தான் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார்கள். 82 டிகிரியில் திறக்கும் புதிய தெர்மோஸ்டாட்டைப் போடச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரை ராடு அடித்தால் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுத்தால்) போதும் என்று பட்டறையில் சொன்னதை நம்பி விட்டுவிட்டேன். புதிதாக ஒரு வரிசை கூடுதலான செம்பு ரேடியேட்டர் அப்போது 14,000 ரூபாய்தான்.

டர்போ வைப்பதற்கு முன் இந்த இன்ஜினோடு ஒரு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பல குறைகள் தானாகவே வெளியே வந்திருக்கும். ஆனால் “இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாட்டிட்டா கூலி மிச்சம்” என்றார்கள் எல்லோரும். கேட்க நியாயமாகவே இருந்தது. ஒரே நேரத்தில் புது இன்ஜின், புது டர்போ, புது டீசல் பம்ப் செட்டிங் என்று எல்லாம் மாறினால், கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மிச்சமாகும் கூலி ஐயாயிரமோ ஆறாயிரமோ. அதற்காக இந்த வழியில் போகாதீர்கள்.

டர்போ வாங்கிய கதை தனி. இரண்டரை லிட்டர் டீசலுக்குப் பொருந்தும் சின்ன டர்போதான் வேண்டும். பெரியது வைத்தால் மலையில் 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே அது போதிய வேகத்தில் சுழலாது, வைத்தும் பயனில்லை. ஒரு கடையில் ஒரிஜினல் என்று பெட்டி, லேபிள் எல்லாம் சரியாக இருந்ததை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டி ஓட்டிய கொஞ்ச நாளிலேயே காற்றுக் குழாய்க்குள் ஆயில் வழிந்தது. பிரித்துப் பார்த்த வேறொரு மெக்கானிக், ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். விரலுக்கே தெரியும் அளவுக்கு ஆடியது. நல்ல டர்போவில் பக்கவாட்டில் மிக மெல்லிய அசைவு இருக்கும், முன்பின்னாக அசைவு கைக்குத் தெரியவே கூடாது. கடையிலேயே விரலால் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டிலேயே டர்போ தயாரிக்கிறார்கள், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. போன 18,000 போனதுதான். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார், கையில் பில் இல்லை.

பொருத்துவதில் ஆயில் குழாய்தான் உயிர். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. உள்ளே போகும் குழாய் சின்னது, இன்ஜினின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் டி வைத்து எடுக்கலாம். திரும்பி வரும் குழாய்தான் பெரும்பாலும் தப்பாகிறது. அதில் பிரஷர் கிடையாது, ஆயில் தன் பாரத்தில் கீழே இறங்க வேண்டும். விரல் தடிமனுக்குக் குறையாமல், எங்கேயும் மேலே ஏறாமல், சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். என் வண்டியில் சைலன்சர் குழாயைச் சுற்றிக்கொண்டு வளைத்து வைத்திருந்தார்கள். அதையும் மாற்றினேன். ஏர் ஃபில்டரும் அப்படித்தான். எங்கள் பக்கம் தென்னை நார் மில் தூசி காற்றிலேயே மிதக்கும். ஒரு கிளிப் லூசாக இருந்தாலும் தூசி நேராகப் போய் டர்போவின் இறக்கையைத் தேய்த்துவிடும். பழைய ஆயில் பாத் ஃபில்டரை எடுத்துவிட்டு, பேப்பர் ஃபில்டர் உள்ள பெரிய டப்பா வைத்துக்கொண்டேன்.

இனி இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப். டர்போ என்பது காற்று மட்டும்தான், பவர் வர வேண்டுமானால் அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசல் வேண்டும். பம்ப் கடையில் டீசல் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். எவ்வளவு என்று கேட்டேன். “கரும்புகை லேசா வந்தாத்தாங்க பவர் இருக்குன்னு அர்த்தம்” என்றார் கடைக்காரர். டீசல் இன்ஜினைப் பற்றி நம் ஊரில் உலவும் பேச்சுகளில் இதைப் போல ஆபத்தானது வேறில்லை. பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும் என்பார்கள். டீசலில் நேர் எதிர். டீசல் கூடக் கூட சூடு ஏறும், காற்று கூடினால் சூடு இறங்கும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை என்று பொருள். அந்தச் சூட்டை டேஷ்போர்டில் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் தண்ணீர் மீட்டர் காட்டாது. சைலன்சர் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால் சென்சார் வைத்து, புகையின் வெப்பத்தைத்தான் அளக்க வேண்டும். அப்படி ஒரு மீட்டர் இருக்கிறது, ஐந்தாயிரத்துக்குக் கிடைக்கும் என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வண்டி தயாரானதும் வால்பாறைக்குக் கிளம்பினேன். நான் மட்டும்தான். முதல் வளைவுகளில் ஜீப் மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டு ஏறியது. உண்மையில் கண் கலங்கிவிட்டது, அத்தனை மாதக் காத்திருப்பு. கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது, கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. பாதிக்கு மேல் ஏறியபோது தண்ணீர் மீட்டர் முள் மெதுவாக மேலே போனது. ஓரம் பார்த்து நிறுத்தலாம் என்று இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று கீழே இறங்கியது. அப்பாடா, ஆறிவிட்டது என்று நினைத்தேன். ஆறவில்லை, தண்ணீர் தீர்ந்திருந்தது. சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் போய் வெறும் ஆவியில் நின்றால் முள் இறங்கிவிடும். முள் திடீரென்று இறங்கினால் அந்த விநாடியே இன்ஜினை அணைக்க இடம் பாருங்கள். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. அடுத்த வளைவுக்குள் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிட்டது.

ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. இன்ஜின் நின்றால் அந்த வெற்றிடப் பம்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான். முதல் மிதியில் பிடித்தது, காலை எடுத்து மறுபடி மிதித்தேன், அதன்பின் பெடல் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு நிறுத்தினேன். இந்த மாதிரி நேரத்தில் மிதித்த காலை எடுக்கவே கூடாது. கைகள் வெகுநேரம் நடுங்கின. பானெட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தடுப்புச் சுவரின் மேல் வரையாடு ஒன்று நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தேயிலை லாரி ஒன்று வந்து நின்றது. கேனில் இருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் பக்கம் போனேன், டிரைவர் கத்தினார்: “தண்ணி ஊத்தாதீங்ணா! ஹெட்டு வெடிச்சுரும், ஆற விடுங்க.” அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி. கொதிக்கும் அலுமினிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அவர் சொன்னதுதான் நடக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்து, இருட்டும் நேரத்தில் வேறொரு வண்டியில் கட்டி இறக்கினார்கள்.

ஹெட் வளைந்து, இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசலும் விட்டிருந்தது. கேஸ்கட் போய், ஒரு பிஸ்டன் உரசியிருந்தது. புது ஹெட், பிஸ்டன் செட், இழுவைக் கூலி, மறுபடி இறக்கி ஏற்றும் கூலி, எல்லாம் சேர்த்து 1,10,000. வண்டியை அப்படியே விற்றுவிடலாம் என்று விலைகூடக் கேட்டேன். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை, அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. சில வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

மறுபடி தொடங்கியபோது வரிசையை மாற்றினேன். முதலில் பெரிய ரேடியேட்டர். தண்ணீர் குறைந்தால் பஸ்ஸர் அடிக்கும் சென்சார், 600 ரூபாய்தான். அதன்பின் புகை வெப்ப மீட்டர், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர். டர்போ குழாயைக் கழற்றிவிட்டு, பம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, சாதாரண இன்ஜினாகவே ஓட்டினேன். ஹெட் போல்ட்டுகளை மறுபடி டைட் பார்த்தேன். எல்லாம் நிலைக்கு வந்த பிறகுதான் டர்போ. பூஸ்ட் 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், கூடுதல் புகையை டர்போவுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைச் செட் செய்தோம். பம்ப் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகுவது, ஆழியார் ஏற்றத்தில் ஓட்டி மீட்டரைப் பார்ப்பது, திரும்பி வந்து மறுபடி தொடுவது என்று பொறுமையாகப் போனோம். நீண்ட ஏற்றத்தில் புகையின் வெப்பம் 650 டிகிரிக்குள் நிற்க வேண்டும், 700-ஐ எட்டுவதற்கு முன்பே காலை எடுத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதலில் செட் செய்திருந்த அளவில் ஓட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அது எவ்வளவு காட்டியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

இப்போது கரும்புகை கிடையாது. இரண்டாவது கியரில் முனகிய ஏற்றங்களில் மூன்றாவது போகிறது, வளைவில் மட்டும் இரண்டாவது. சமதளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அதை எதிர்பார்த்து யாரும் செலவு செய்ய வேண்டாம். மைலேஜ் கொஞ்சம் கூடியிருக்கிறது, மலையில் முன்போல் காலை முழுக்க அழுத்தி வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். ஆயில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மேலே ஏறி நின்றதும் உடனே அணைப்பதில்லை, இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு டர்போ ஆறிய பிறகே சாவி. கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கியது, இழுவை கூடினால் அது வரும், புது பிளேட்டுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, இதை எந்த மெக்கானிக்கும் தானாகச் சொல்வதில்லை. டர்போவின் சீல் மொத்தமாகப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும். கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக் கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும், அல்லது காற்று போகும் வாயை அடைக்க வேண்டும். கையை வைத்து அடைக்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும். ஏர் குழாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் தடிமனான பலகைத் துண்டு ஒன்றை நான் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அடுத்து இன்டர்கூலர் வைக்கச் சொல்கிறார்கள். டர்போ அழுத்தும்போதே காற்று சூடாகிவிடுகிறது, அதை ஆற்றி உள்ளே அனுப்பினால் நல்லதுதான். ஆனால் அதை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றில் பங்கு கேட்கும். ஏப்ரல், மே வெயிலில் ஒரு முழுக் கோடைக்கு இப்போதிருக்கும் செட்டிங்கில் ஏறி இறங்கி, தண்ணீர் மீட்டரும் புகை மீட்டரும் எங்கே நிற்கின்றன என்று நோட்டில் எழுதி வருகிறேன். அந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பணத்தை எடுப்பேன்.